“ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன்”: அமெரிக்க வக்கீல்களுக்கான ரகசிய உதவித் திட்டம் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் வக்கீல் தொழில் செய்கிறேன். குடியை விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. விட்டதை மறைப்பதில்லை என்பதால், பொங்கல் விழா, நவராத்திரி கொலு என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் காபித் தம்ளரோடு என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், “ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன்” என்று ஆரம்பிக்கிறார். நண்பருக்காகவே இருக்கட்டும். அப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நான் சொல்வதில் பெரும்பகுதி நியூ ஜெர்சி.

இந்தத் திட்டம் என்பது என்ன? யார் நடத்துகிறார்கள்?

லாயர் அசிஸ்டன்ஸ் புரோகிராம். சுருக்கமாக ‘லேப்’. குடி, போதைமருந்து, சூதாட்டம், மனச்சோர்வு, பதற்றம் என்று எதில் சிக்கியிருந்தாலும் வக்கீல்களும் நீதிபதிகளும் சட்ட மாணவர்களும் ரகசியமாக அழைக்கக்கூடிய இடம்.

இது மேலிருந்து வந்த திட்டமல்ல. 1970களில் குடியை விட்ட சில வக்கீல்கள், குடியில் இருந்த மற்ற வக்கீல்களின் வீட்டுக் கதவைத் தட்டிப் பேச ஆரம்பித்தார்கள். மின்னசோட்டாவில் 1976இலேயே அதற்கென ஓர் அமைப்பு வந்துவிட்டது. அமெரிக்க வக்கீல்களின் தேசியச் சங்கமான அமெரிக்கன் பார் அசோசியேஷன் 1988இல்தான் இதற்கென்று ஒரு குழு போட்டது. அப்போது அதன் பெயரில் ‘செயல்திறன் குன்றிய வக்கீல்கள்’ என்ற பொருள்படும் சொல் இருந்தது. 1996இல் பெயரை மாற்றினார்கள். நல்ல வேளை, அந்தப் பழைய பெயருள்ள கதவை எவன் தட்டுவான்? நியூ ஜெர்சியில் 1993இலிருந்து நடக்கிறது. நிறுவியது மாநில உச்ச நீதிமன்றம், நடத்துவது மாநில பார் அசோசியேஷன்.

பார் என்றால் நம்மூரில் இரண்டு பொருள். எனக்கும் பல வருடம் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில்தான் இருந்தன.

அழைத்தால் யாருக்கெல்லாம் தெரியும்?

இதுதான் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் இதைக் கேட்பதற்கு முன் தொண்டையைச் செருமுவது.

2016இல் அமெரிக்கன் பார் அசோசியேஷனும் போதைச் சிகிச்சை தரும் ஹேசல்டன் பெட்டி ஃபோர்டு அறக்கட்டளையும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு வந்தது. 19 மாநிலங்களில் தொழில் செய்துகொண்டிருந்த 12,825 வக்கீல்களைக் கேட்டார்கள். ஐந்தில் ஒருவருக்கு, சரியாகச் சொன்னால் 20.6 சதவீதம் பேருக்கு, குடி சிக்கலான அளவில் இருந்தது. 28 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறி. உதவி கேட்கத் தடையாக இருப்பது எது என்று கேட்டதற்கு முதலில் வந்த இரண்டு பதில்கள்: வெளியே தெரிந்துவிடும், ரகசியம் நிற்காது. பணம் இல்லை, நேரம் இல்லை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இனி பதில். நீங்கள் லேப்பை அழைத்தது உங்கள் நிறுவனத்துக்குத் தெரியாது. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அலுவலகத்துக்குத் தெரியாது. இரண்டும் தனித்தனி ஆட்கள், தனித்தனி கோப்பு. இது வெறும் வாய்வார்த்தை வாக்குறுதி அல்ல. சக வக்கீலின் முறைகேடு தெரிந்தால் புகார் செய்யவேண்டிய கடமை நம் எல்லோருக்கும் இருக்கிறது; அமெரிக்கன் பார் அசோசியேஷனின் மாதிரி நடத்தை விதி 8.3. அதே விதியின் கடைசிப் பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட உதவித் திட்டத்தில் பங்கெடுத்ததன் மூலம் தெரிந்த விஷயத்துக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்குத் தருகிறது. அதாவது உங்களோடு பேசப்போகும் தன்னார்வ வக்கீல், நீங்கள் சொன்னதை எடுத்துக்கொண்டு ஓடவேண்டியதில்லை. கட்சிக்காரர் நம்மிடம் சொல்வதை நாம் எப்படிப் பூட்டி வைக்கிறோமோ, அந்தப் பூட்டின் தம்பி இது.

இதற்கு மேல், போதைச் சிகிச்சைப் பதிவேடுகளுக்கு 1970களிலிருந்தே மத்திய அரசின் தனி ரகசிய விதிகள் உண்டு. சாதாரண மருத்துவப் பதிவுகளைக் காட்டிலும் அவை கடுமையானவை.

அப்படியென்றால் எந்த நிலையிலும் ரகசியம் உடையாதா?

உடையும் இடங்கள் உண்டு. மறைத்துச் சொன்னால் நாளைக்கு நீங்கள் என்னைத்தான் திட்டுவீர்கள்.

உயிருக்கு ஆபத்து, உங்களுடையதோ பிறருடையதோ, என்றால் ஆலோசகர் சும்மா இருக்க முடியாது. நியூ ஜெர்சி விதியில் இன்னொன்று இருக்கிறது. நடந்துவிட்ட முறைகேட்டின் விளைவு சரிசெய்யவே முடியாததாக இருந்தாலோ, கட்சிக்காரர்களுக்கு உடனடியான பெரிய ஆபத்து இருந்தாலோ, தன்னார்வ வக்கீலுக்கும் வெளியே சொல்லும் கடமை வந்துவிடும். எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. உங்கள் மாநில விதியில் 8.3ஐ மட்டும் எடுத்துப் படியுங்கள். ஒரு பக்கம்கூட வராது. அடுத்தவன் ஒப்பந்தத்தை 80 பக்கம் படிக்கிறோம்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லவேண்டும். லேப்புக்கு இரண்டு வாசல். முன்வாசல் வழியாக நீங்களாகப் போனால் எல்லாம் உங்களுக்குள். ஒழுங்கு நடவடிக்கையில் மாட்டிக்கொண்ட பிறகு, ‘கண்காணிப்பில் இரு’ என்று நீதிமன்றம் சொல்லி அனுப்புவது பின்வாசல். அதில் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு, குறித்த நாளில் அறிக்கை உண்டு, அறிக்கை மேலே போகும். அதற்கு நீங்களே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். பின்வாசலில் போனவரின் கதையைக் கேட்டுவிட்டு முன்வாசலுக்குப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம்.

முதல் அழைப்பில் என்ன கேட்பார்கள்?

என் கதையையே சொல்கிறேன். இரண்டு முறை எண்ணை அழுத்தி, மணி அடிக்கும்போதே வைத்துவிட்டேன். மூன்றாவது முறை கவுண்டி (மாவட்ட) கோர்ட் வண்டி நிறுத்துமிடத்தில். காலை 8 மணி வாக்கில் இருக்கும். வாயில் ஏலக்காய். நேற்றிரவு வாசனையை மறைக்க அதுதான் என் வழக்கம். டப்பாவே காரில் இருந்தது. எடுத்தவர் ஒரு பெண். பெயரைக் கேட்கவில்லை. “இப்போது கார் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா?” என்றார். நின்றுகொண்டிருக்கிறேன் என்றேன். “நல்லது, சாவியைப் பக்கத்து சீட்டில் போட்டுவிடுங்கள்.” அடுத்து, “கடைசியாக எப்போது குடித்தீர்கள், எவ்வளவு?” அதற்கடுத்து நான் எதிர்பார்க்காத கேள்வி: “வரும் 2 வாரத்தில் உங்களுக்கு என்னென்ன தேதிகள் இருக்கின்றன?”

வக்கீலுக்கு வக்கீல்தான் இப்படிக் கேட்க முடியும். டாக்டர் கேட்டிருக்க மாட்டார். அன்று காலை ஹியரிங்குக்கு யாரை அனுப்புவது, எந்த மனுவுக்குக் கெடு முடிகிறது, எதற்கு வாய்தா கேட்கலாம் என்று ஒரு பழைய கவரின் பின்பக்கம் எழுதவைத்தார். குடியைப் பற்றிப் பேசியது 10 நிமிடம்; தேதிகளைப் பற்றி 20 நிமிடம்.

பெயர் சொல்லாமலே முதல் தடவை பேசலாம். அதன் பிறகு உரிமம் பெற்ற ஓர் ஆலோசகரோடு நேரில் அல்லது வீடியோவில் ஒரு மதிப்பீடு. எங்கே சிகிச்சை, எந்த மனநல மருத்துவர், குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் எந்தக் கூட்டம் என்று வழிகாட்டுவார்கள். கேட்டால் ஒரு தன்னார்வ வக்கீலைத் துணைக்குத் தருவார்கள். அவரும் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவராக இருப்பார்.

கட்சிக்காரர் பணத்தில் கை வைத்துவிட்டேன். திருப்பிப் போட்டுவிட்டு அழைக்கலாமா?

இந்தக் கேள்வியை யாரும் இப்படிக் கேட்பதில்லை. “கணக்கு கொஞ்சம் இழுபறியாக இருக்கிறது” என்பார்கள்.

நியூ ஜெர்சியில் இது மிகக் கடுமையான இடம். 1979இல் வில்சன் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது: தெரிந்தே கட்சிக்காரர் பணத்தை எடுத்த வக்கீலுக்குத் தொழிலில் இடமில்லை. திருப்பிக் கட்டிவிட்டேன் என்பது காப்பாற்றாது. குடிநோய்தான் காரணம் என்பது காப்பாற்றாது. 1986இல் ஹைன் வழக்கில் அதையும் சொல்லிவிட்டார்கள். நோய்மீது இரக்கமில்லை என்பதல்ல. எடுப்பது தெரிந்து எடுத்தாரா என்பது மட்டும்தான் அவர்கள் கேள்வி. 2022இல் வேட் வழக்கிலும் அந்த விதியை விடவில்லை. ஆனால் ஆயுள் முழுக்க வெளியேதான் நிற்கவேண்டுமா என்று யோசிக்கத் தொடங்கினார்கள். 2024இலிருந்து, உரிமம் பறிபோனவர் 5 ஆண்டுகள் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே ஏற்கெனவே கை வைத்திருந்தால் முதலில் பேசவேண்டியது லேப்பிடம் அல்ல. ஒழுங்கு வழக்குகளை நடத்தும் ஒரு வக்கீலிடம். மேலே சொன்ன விதிவிலக்கு உங்கள் விஷயத்தில் பொருந்துமா என்று அவர் சொல்வார். அவரோடு பேசிய அன்றே லேப்பையும் அழையுங்கள். இன்னும் கை வைக்கவில்லை, ஆனால் கட்சிக்காரர் பணம் இருக்கும் டிரஸ்ட் கணக்கின் மீதியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கணக்கு மனதில் ஓடுகிறது என்றால், இன்றைக்கே அழையுங்கள். நான் அழைத்ததற்கு ஏலக்காய் காரணமல்ல. அந்த மீதிதான்.

நானே விட்டுவிடுவேன். நாளையிலிருந்து ஒரு சொட்டுத் தொடமாட்டேன். போதாதா?

தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வியர்வை என்று ஆரம்பித்து வலிப்பு வரை போகலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பிதற்றல் வரலாம், உயிரும் போகலாம். தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை வகையில் சிலவற்றுக்கும் இதே கதைதான். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் நிறுத்தியவர் இப்போதும் அதேபோல் நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறார். அன்று அவர் குடித்த அளவு வேறு.

எனக்குக் குடியெல்லாம் இல்லை. தூக்கம்தான் இல்லை. இதற்கெல்லாம் அழைப்பார்களா?

அழைப்பார்கள். மெயிலைத் திறக்கவே பயம், எதிர்த்தரப்பு வக்கீலின் பெயரைத் திரையில் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது, ஞாயிறு மாலை அழுகை வருகிறது: இவையெல்லாம் அவர்களுக்குத் தினசரி வரும் அழைப்புகள்தான். அந்த 2016 ஆய்வில் குடிச் சிக்கல் மிக அதிகமாக இருந்தது தொழிலுக்கு வந்து முதல் 10 வருடத்துக்குள் இருந்தவர்களிடம். ‘சீனியருக்குத்தான் குடி, ஜூனியருக்கு என்ன வந்தது’ என்ற நம் கணக்கு தப்பு.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் லேப் திறக்கும்வரை காத்திருக்கவேண்டாம். அமெரிக்காவில் 988, பேசலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், எந்நேரமும்.

எல்எல்எம் (சட்ட முதுகலை) படிக்கிறேன், நியூயார்க்கில் வக்கீலாகச் சேர பார் தேர்வு எழுதப்போகிறேன். மனநல மருத்துவரைப் பார்த்தால் சேர்க்கையில் கேட்பார்களா?

முன்பு பல மாநிலங்கள் நேராகவே கேட்டன: மனநோய் உண்டா, சிகிச்சை எடுத்தீர்களா? 2014இல் அமெரிக்க நீதித்துறை, மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி அது பாகுபாடு என்று லூசியானாவைக் கேள்வி கேட்டு உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. நியூயார்க் 2020இல் மனநலக் கேள்வியை எடுத்தேவிட்டது. இப்போதெல்லாம் ‘என்ன நோய்’ என்பதைவிட ‘என்ன செய்தீர்கள்’ என்பதைத்தான் பார்க்கிறார்கள்: குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானது, கடனைக் கட்டாமல் விட்டது, விண்ணப்பத்தில் பொய் சொன்னது. கடைசியாகச் சொன்னதுதான் ஆட்களை அதிகம் கவிழ்க்கிறது. சிகிச்சை எடுத்திருப்பது பெரும்பாலும் உங்கள் பக்கம்தான் பேசும்.

விசாவில் இருக்கிறேன். லேப்புக்குப் போனால் குடியேற்றத் துறைக்குத் தகவல் போகுமா?

போகாது. போகிற தகவல் வேறு. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகக் கைதானால், தண்டனை வராவிட்டாலும், கடவுச்சீட்டில் இருக்கும் விசாவைத் தூதரகம் ரத்து செய்யலாம். 2015இலிருந்து இது நடைமுறை. உள்ளே இருக்கும் அனுமதி அதனால் உடனே போய்விடாது. ஆனால் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவர் சென்னை துணைத் தூதரகத்தில் மறுபடி வரிசையில் நிற்கவேண்டிவரும். மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். கிரீன் கார்டு மருத்துவப் பரிசோதனையிலும் போதைப் பழக்கம் பற்றிக் கேள்வி உண்டு. அதற்கு உண்மையைத்தான் சொல்லவேண்டும். அதற்கு முன் குடியேற்ற வக்கீல் ஒருவரைப் பாருங்கள். நாமே வக்கீல் என்ற தெனாவட்டு இங்கே வேண்டாம்.

எவ்வளவு செலவாகும்?

லேப் இலவசம். அது அனுப்பிவைக்கும் சிகிச்சைக்குக் காப்பீடு. 2008 சட்டப்படி, மனநலத்துக்கும் போதைக்கும் காப்பீடு தரும் திட்டங்கள் மற்ற நோய்களைவிடக் கடுமையான வரம்பு வைக்கக்கூடாது. தனியாகத் தொழில் செய்து காப்பீடும் இல்லாதவர் அதை முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

கூட வேலை செய்யும் ஒருவர் குடித்துவிட்டு கோர்ட்டுக்கு வருகிறார். நான் என்ன செய்வது?

நீங்களும் லேப்பை அழைக்கலாம். உங்கள் பெயரை அவரிடம் சொல்லமாட்டார்கள். அவரை எப்படி அணுகுவது, யார் பேசினால் எடுபடும் என்று ஆலோசனை தருவார்கள். சிலநேரம் தன்னார்வ வக்கீல் ஒருவரே போய்ப் பேசுவார். ஆனால் இது உங்கள் புகார்க் கடமையைக் கழுவிவிடாது. 8.3இன் விலக்கு, திட்டத்துக்குள்ளே தெரிந்துகொண்டதற்குத்தான். நீங்கள் கோர்ட் வராந்தாவில் கண்ணால் பார்த்ததற்கு அல்ல. நிறுவனத்தில் நீங்கள் மேலாளராக இருந்தால், அவருடைய வேலையைக் கண்காணித்துக் கட்சிக்காரரைக் காப்பாற்றுவதும் உங்கள் பொறுப்பு. 2003இல் அமெரிக்கன் பார் அசோசியேஷன் இதைப் பற்றி இரண்டு முறைசார் கருத்துரைகள் தந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம்: எல்லா நோயும் முறைகேடு அல்ல. நோயாளி, தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்வரை, புகார் செய்ய ஒன்றுமில்லை.

என் வீட்டுக்காரர் வக்கீல். நான் அழைக்கலாமா? அவர் கோபப்படுவாரே.

அழைக்கலாம், அக்கா. அவருக்குத் தெரியவேண்டியதில்லை. ‘அவருக்கு உடம்பு சரியில்லை’ என்று ஆபீசுக்கு நீங்கள் போன் செய்த காலைகளை எண்ணிப் பாருங்கள். அதைச் செய்யும்போதும் பயந்துகொண்டுதான் செய்தீர்கள். உங்களுக்கென்றே, குடிப்பவர்களின் வீட்டாருக்கான அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. குடிப்பவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

நம்ம ஆட்கள் யாராவது அங்கே இருந்தால்? சங்கம் முழுக்கப் பரவிவிடுமே.

நியாயமான பயம். நியூ ஜெர்சியில் எடிசன் ஊரில் ஒரு மளிகைக் கடையில் தும்மினால் பர்சிப்பனி ஊரில் நலம் விசாரிப்பார்கள். முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள்: இந்த ஊர்க்காரர் வேண்டாம், வேறு கவுண்டியில் இருப்பவரைத் துணைக்குக் கொடுங்கள், நம் சமூகத்தவர் வேண்டாம். அல்லது நேர்மாறாக, இந்தியக் குடும்பம் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்தான் வேண்டும். எனக்குத் துணையாக வந்தவர் 70 வயது ஐரிஷ்காரர். என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அவருக்கு எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பினார், யார் என்று தெரியாமலே. ‘ஆபீஸ் சிநேகிதர்’ என்று சொல்லியிருந்தேன்.

தமிழ்நாட்டில் இப்படி ஏதாவது உண்டா?

இதற்குச் சமமாகச் சட்டத்தின் துணையோடு நடக்கும் திட்டம் அங்கே இல்லை. 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தில் ஒழுங்கு நடவடிக்கைக்கு 35ஆவது பிரிவு இருக்கிறது. இப்படிப்பட்ட ரகசிய உதவிக்கென்று ஒரு பிரிவும் இல்லை. ஆனால் கையை விரித்துவிட வேண்டியதும் இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. ஒருவருக்கு மனநோய் என்று மருத்துவர் தீர்மானித்ததாலேயே அவர் ‘சித்த சுவாதீனம் இல்லாதவர்’ ஆகிவிடமாட்டார் என்றும் அதில் எழுதியிருக்கிறது. சன்னது, அதாவது வக்கீல் உரிமம், போய்விடும் என்று பயப்படும் வக்கீல்கள் அந்த 3ஆவது பிரிவைப் படிக்கலாம். 2022இல் தொடங்கிய டெலிமானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவைக்கு 14416இல் அழைத்தால் தமிழில் பேசலாம், பெயர் அவசியமில்லை. போதைச் சிகிச்சைக்குச் சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய அறக்கட்டளையின் டிடிகே மருத்துவமனை இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தமிழ்க் கூட்டங்களும் உண்டு. சக வக்கீல் ஒருவர் தேதிகளைக் கேட்டு எழுதவைப்பதுதான் இல்லை. ஒரு பார் அசோசியேஷன் மனது வைத்து, குடியை விட்ட நாலு சீனியர்களைச் சேர்த்தால் அதுவும் நடக்கும். மின்னசோட்டாவில் அப்படித்தானே ஆரம்பித்தது.

லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு லாகேர் என்ற தொண்டு நிறுவனம் 1997இலிருந்து இருக்கிறது. குமாஸ்தா, அலுவலக ஊழியர் உட்படச் சட்டத் துறையில் வேலை செய்யும் எவரும் அழைக்கலாம்.

ஒருமுறை உதவி வாங்கி, விட்டு, மறுபடி குடித்துவிட்டேன். எந்த முகத்தோடு அழைப்பது?

போனில் முகம் தெரியாது.

நானும் 14ஆவது மாதத்தில் வழுக்கினேன். ஒரு கல்யாண ரிசப்ஷன். 3 நாள் கழித்து அழைத்தேன். அதே கேள்வி, கார் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று. வீட்டில் இருக்கிறேன் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். “செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு வரமுடியுமா?” என்றார். செவ்வாய் எனக்கு ஒரு ஹியரிங். வியாழன் போனேன்.